கெடாய் தாயார்

பினாங்குப் பாலத்தின் நடுமுதுகில்
கிளட்ச் செத்தது.
இருபத்து மூன்றாம் நாள்.
மிச்சம் ஏழு.

எட்டு மாதமாய்க் குடியிருக்கும் டெம்போ டிராவலரை
மஞ்சள் லாரி ஒன்று கொக்கி போட்டு இழுத்துப் போனது.
டாக்சியில், சொந்த வீட்டின் பின்புறத்தைப் பார்த்தபடி
நானும் நாச்சிமுத்துவும்.
டி.என். 41 பலகை
ஒரு பக்கத்து ஆணி கழன்று ஆடியது.
உள்ளே, இந்நேரம், தோசைமாவு பொங்கி வழிந்திருக்கும்.

இறக்கிய இடத்தின் பெயர் பிறை.
கறுப்புச் சக்கரங்களை அடுக்கிய முகப்பில்
ஆளுயர எழுத்து.
இதே பலகையை வழியெல்லாம் கடந்திருக்கிறேன், வேகத்தில்.
நின்று எழுத்துக்கூட்டியது அன்றுதான்:
கெடாய் தாயார்.

கெடாய் என்றால் கடை. முதல் வாரமே தெரிந்துவிட்டது.
நம் சொல்தான், கடல் தாண்டி வந்தது.
கப்பல்கூட இங்கே கப்பல்தான்.
யாரும் முத்திரை குத்தவில்லை,
யாரும் நாள் எண்ணவில்லை,
வந்த சொற்கள் அப்படியே தங்கிவிட்டன.

ஆனால் தாயார்?

"டயரத்தான் அப்படிச் சொல்லுவோம்" என்றாள் யோகேஸ்வரி.
கல்லாவில் இருப்பவள், நகக்கண்ணில் கிரீஸ்.
"அக்கா, இந்த பார்ட் இங்க கிடைக்காது. பூனாவுல இருந்து வரணும்.
மூணு வாரம் துங்கு பண்ணுங்க."

துங்கு. காத்திரு.
அதன் பிறகு அந்தக் கடையில்
வேறு சொல் எதுவும் என் காதில் விழவில்லை.
முதலாளி ஆ கியோங் வண்டிக்கு அடியில் படுத்து
ஹொக்கியனில் அதைத் திட்டினார்,
அல்லது கொஞ்சினார்.

ராத்திரி, ஜாக்கியின் மேல் நின்ற வீட்டில்,
ஒருபக்கம் சாய்ந்த மெத்தையில்
காகிதங்களைப் பரப்பினோம்.
வண்டிக்குத் தொண்ணூறு நாள்.
எங்களுக்கு முப்பது.
"இரும்பு ஓடிப்போகாதுன்னு நம்பறாங்க" என்றார் நாச்சிமுத்து.
"ஓடாத இரும்புதானே இப்ப" என்றேன்.
சிரித்ததில் ஜாக்கி கிரீச்சிட்டது,
சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

இருபத்தொன்பதாம் நாள் காலை
சாவியை யோகேஸ்வரியின் ஆணியில் மாட்டினேன்.
கிள்ளானில் வாங்கிய கறிவேப்பிலைச் செடி,
பெயிண்ட் டப்பாவோடு, அவள் மேசையில்.
வேரும் மண்ணுமாய் எதுவும் எல்லை தாண்டக் கூடாது.
பட்டர்வொர்த்தில் ரயில். பாடாங் பெசாரில் முத்திரை.

வீட்டை எடுத்துக்கொண்டு நாடு நாடாய்ப் போனவள் நான்.
வீடு நாட்டில் இருக்க
என்னை மட்டும் வெளியே எடுத்துப் போனது
அன்றுதான்.

ஹாட்யாயில் மூன்று இரவு.
அறை ஆடவில்லை, தூக்கம் வரவில்லை.
அந்த ஊர் மொழியில் எனக்கு இரண்டே சொல்,
வணக்கமும் எவ்வளவும்.
மீதியை விரல்கள் பேசின,
விரல்களுக்கு அங்கே வட்டார வழக்கு வேறு.
முட்டை கேட்டேன், பூண்டு வந்தது.

திரும்பி நுழைய, செல்பேசியில் படிவம்.
எங்கே தங்குவீர்கள்?
கோடு ஒன்று கண்சிமிட்டிக்கொண்டே நின்றது.
ஓட்டல் இல்லை. உறவு இல்லை.
தட்டினேன்:
கெடாய் தாயார், பிறை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி
அதை இருமுறை படித்தாள்.
முக்காட்டு ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
டயர் கடையிலா, என்று மலாயில் கேட்டாள்,
மெதுவாக,
சோறு ஊட்டும் குரலில்.

"ருமா சாயா" என்று தொடங்கினேன்.
என் வீடு.
அதற்கு மேல் வாக்கியம் இல்லை.
பட்டறையில் தினம் நூறுமுறை கேட்ட சொல்லை
எடுத்து ஒட்டினேன்:
"ருமா சாயா ரோசாக்."
என் வீடு பழுது.

அவள் சிரிக்கவில்லை.
கடவுச்சீட்டைப் புரட்டினாள்.
எட்டு மாதத்து நீலம், சிவப்பு, ஊதா,
ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தேதிகள்.
காலியான மூலை தேடி
முன்னும் பின்னும் போனது அவள் விரல்,
முத்திரைக் கட்டை பக்கத்தில் சும்மா கிடந்தது.

வரிசையில் பின்னால் நின்ற நாச்சிமுத்து
என் தோளைத் தட்டினார்.
"என்னங்கறா?"

"துங்கு" என்றேன்.