கடைக்கண்

நடுவில் ஓர் ஓட்டை.
எதை நேராகப் பார்க்கிறேனோ
அது இல்லாமல் போகிறது.
மீன் ஆலைக் கணக்கில் முப்பத்தொரு வருடம்
ஒரு காசு பிசகாத கண்
இப்போது எட்டை மூன்று என்கிறது,
சில நாள் ஒன்றுமே சொல்வதில்லை.

செவ்வாய்தோறும் ஹ்லினுர் வருகிறான்.
பையில் விளக்கு, உருப்பெருக்கி,
பசை தடவிய குமிழ்ப் பொட்டுகள்.
அடுப்புத் திருகில் ஆறுக்கு நேரே
ஆரஞ்சு நிறத்தில் ஒரு பரு.
துவைக்கும் இயந்திரத்தில் இரண்டு.
காப்பிக்கு வெள்ளைக் கோப்பை, பாலுக்குக் கறுப்பு.
இதற்கா படித்தாய் என்றேன்.
ஊற்றிப் பாருங்கள் என்றான்.
மேசைத்துணி நனையவில்லை.

"நேரே பார்க்காதீர்கள், ஸ்டெய்ன்வோர்.
என் இடது காதைப் பாருங்கள்."
பார்த்தேன்.
காதின் பக்கத்தில் மெல்ல ஊறி வந்தது
ஒரு மூக்கு,
ஒரு தாடி,
தாடியில் ரொட்டித் துணுக்கு.
ஆறு வாரமாக வருகிறாய்,
தாடி உண்டென்று சொல்லவே இல்லையே!

காதலிக்கும் வயதில்கூட
யாரையும் நான் கடைக்கண்ணால் பார்த்தவள் இல்லை.
நேராகக் கேட்டேன், நேராகக் கட்டிக்கொண்டேன்,
நேராகவே விட்டுவிட்டும் வந்தேன்.
எழுபத்து மூன்றில் பழகுகிறேன்
கடுகுப் புட்டியை ஓரமாய்ப் பார்க்க,
பேருந்து எண்ணைக் களவாய்ப் பார்க்க,
கண்ணாடியில் என்னையும்.
(காதுதான் முதலில் வருகிறது. அப்பாவின் காது.)

தலைநகரிலிருந்து ஆல்ஃப்ரூன் கேட்கிறாள்:
அறை காலியாக இருக்கிறது, எப்போது வருகிறாய் அம்மா?
ஈஸ்டருக்கு வருகிறேன் என்கிறேன்,
மூன்று நாள்.

வெள்ளைக் கோல் மட்டும்
கோட்டுகளுக்குப் பின்னே நின்றது, நவம்பர் வரை.
அதை எடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும்.
பிறகு ஒரே இரவில் பனி கொட்டியது.
எது சாலை, எது நடைமேடை,
ஆகுரேய்ரியில் ஒருவருக்கும் தெரியவில்லை.
கோலை எடுத்தேன்.
டொக், டொக்,
இதோ கல் விளிம்பு.
பக்கத்து வீட்டுத் தோர்கிரீமுர் ஓடிவந்து
என் முழங்கையைப் பற்றினார்.
உதவி என்று நினைத்தேன்.
வழுக்கியது அவருக்கு.
மருந்துக்கடை வரை விடவே இல்லை.

திரும்பும்போது தனியாக, நாற்சந்தியில்.
எங்கள் ஊரில் சிவப்பு விளக்குக்கு
இதய வடிவம்;
வருகிறவர்கள் படம் எடுப்பார்கள்,
நாங்கள் அண்ணாந்தும் பார்ப்பதில்லை.
நேரே பார்த்தேன்: ஓட்டை.
கம்பத்தின் ஓரத்தைப் பார்த்தேன்.
வந்தது,
கொஞ்சம் கோணலாக, முழுசாக,
சிவந்து.

காத்திருந்தேன்.
பச்சை வெறும் வட்டம்தான்.
கடந்தேன்.