நிலவு காணும் ஊர்

வண்டி கிளம்ப இன்னும் நாற்பது நிமிடம்.
பனி தள்ளும் பலகையின் திருகுகளைப் பார்த்தாயிற்று.
ஃபுகாமி உலர்ந்த கணவாயை மென்றபடி
என் கைபேசியை எட்டிப் பார்க்கிறான்:
இன்றைக்கு யார் வாசிக்கிறார்கள்?

இங்கே ஹொரொகனாயில்
இரவு இரண்டு முதல் ஆறு வரை
என் கண்கள் சாலைத் துறைக்குச் சொந்தம்.
காது மட்டும்தான் என்னுடையது.
படிக்க நினைத்த பக்கங்களையெல்லாம்
குரலாக மாற்றி எடுத்துப் போகிறேன்,
சோற்றுருண்டை கட்டிக்கொண்டு போவதுபோல.

ஒரே பக்கத்தை ஐந்து குரல்களிடம் கொடுத்தேன்.

முதலாவது, வங்கி வாசலில் நின்று வரவேற்கும் குரல்.
மேலே செல்க, பகிர்க, மேலே செல்க என்று
பொத்தான்களையும் விடாமல் வாசித்தது.
பாவம், எது எழுத்து எது குப்பை என்று
அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாவதுக்கு மூச்சு உண்டு.
நுரையீரலே இல்லாத ஒன்று
வாக்கியத்தின் நடுவில் மூச்சிழுப்பதைக் கேட்டு
ஃபுகாமி மெல்வதை நிறுத்தினான்.

மூன்றாவது சிரித்துக்கொண்டே பேசும்.
பனிச்சரிவில் பாதை மூடியதை
ஊறுகாய்த் தள்ளுபடி போல அறிவித்தது.
நீக்கினேன்.

நான்காவது நல்ல ஆண்குரல். கொஞ்சம் கரகரப்பு.
அதுதான் சிக்கல்.
எழுதியவரின் குரலுக்கு
அரை விரற்கடை பக்கத்தில் வந்து நின்றுகொண்டது.
இரண்டு வரிக்கு மேல் கேட்க முடியவில்லை.

எழுதியவர், இந்த வண்டியின் இடது இருக்கையில்
பதினோரு குளிர்காலம் உட்கார்ந்திருந்தவர்.
இப்போது தெற்கே ஒஷமாம்பேயில் நண்டு அவிக்கிறார்.
பழக்கம் விடவில்லை போல;
அங்கே விழும் பனியைத் தினமும் அளந்து
இணையத்தில் எழுதி வைக்கிறார்.
இன்று பதினேழு சென்டிமீட்டர். ஈரப்பனி. பிடிக்கவில்லை.
அவ்வளவுதான் எழுதுவார்.

ஐந்தாவது, பழைய தட்டைக் குரல்.
ரயில் நிலையத்தில் நடைமேடை எண் சொல்வதுபோல் சொல்லும்.
பதினேழு என்றால் பதினேழு.
பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை.
அதற்கு என்மேல் அனுதாபம் கிடையாது.
அதனால் நான்கு மணி நேரம் அதனோடு இருக்கலாம்.

ஆனால் ஐந்துமே ஒரே இடத்தில் வழுக்கின:
கடைசி வரியில், அவர் பெயரில்.

மூன்று எழுத்து. நிலவு, காண், ஊர்.
எழுதியபடி வாசித்தால் த்சுகிமிசாதோ.
வாசிக்க வேண்டியதோ யமனாஷி. அதாவது, மலை இல்லை.
மலை இல்லாத ஊரில்தானே
நிலவு மறைக்காமல் தெரியும்?
எந்தக் காலத்திலோ எவரோ போட்ட விடுகதை,
ஒரு குடும்பத்தின் தலையில் பெயராக உட்கார்ந்துவிட்டது.
இயந்திரத்தைக் குற்றம் சொல்ல முடியாது.
சம்பளப் பிரிவில் இருந்த பெண்ணும்
மூன்று வருடம் தவறாகத்தான் கூப்பிட்டாள்.
அவர் அதற்கும் எழுந்து போனார்.

அமைப்புகளில் ஒரு பெட்டி இருக்கிறது.
எழுத்து இது, ஒலி இது என்று நாமே சேர்க்கலாம்.
கையுறையைக் கழற்றினேன்.
ய. ம. னா. ஷி.
பதினோரு வருடம் ஓய் என்றும் இங்கே பாருங்கள் என்றும்
கூப்பிட்டே ஒப்பேற்றிய ஒருவரின் பெயரை
முதன்முறையாக முழுதாக எழுதினேன்.
சேமிக்கவா என்று கேட்டது கைபேசி.
எண்ணெய் விளக்கு அணையும் வரை
பதில் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு சேமித்தேன்.

மணி மூன்றரை.
ஒரு கணவாய் ஃபுகாமியின் பல்லிடுக்கில்,
இன்னொன்றில் நாங்கள் ஏறிக்கொண்டிருக்கிறோம்.
முன்விளக்குக்கு அப்பால் வெள்ளை,
அதற்கு அப்பாலும் அதுவே.
தட்டைக் குரல் அளவைச் சொல்லி முடித்து,
ஒரு நொடி நின்று,
யமனாஷி என்றது.

கண்ணாடி வழியே பார்த்தேன்.
சரிதான், மலை இல்லை.
நிலவும் இல்லை.

யார் அது என்றான் ஃபுகாமி.
பலகையைக் கொஞ்சம் தூக்கு,
பாலத்தின் இணைப்பு வருகிறது என்றேன்.