வரத்து

மூன்று வருஷமாக
பதினைந்து நாளுக்கு ஒருதரம்
ஆற்றங்கரை முகத்துவாரத்தில் நின்று
'வரத்து' என்ற கட்டத்தில்
'இல்லை' என்று எழுதிவந்தேன்.
எழுபத்தொரு இல்லை.
சம்பளம் வாங்கும்போது கொஞ்சம் கூசும்.

வைகை, பெரிய கண்மாயோடு படுத்துக்கொள்கிற ஆறு.
கடல் அதற்குக் கேள்விப்பட்ட ஊர்.

ஐப்பசிக் கடைசி, வியாழன் ராத்திரி
கலுங்கு தாண்டிவிட்டதாகப் போன் வந்தது.
விடிந்து பார்த்தால்
வடகடலின் பச்சைக்குள்
செம்பழுப்பாய் ஒரு நாக்கு.

வில்லாயுதம் அதன் விளிம்பில் வள்ளத்தை நிறுத்தினார்.
இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் மதுரை.
நடுவே நுரைக்கோடு.
அதில் ஒற்றைச் செருப்பு, வாழைத்தண்டு,
வேரோடு ஒரு கருவைக்கன்று.

கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கினேன்.
போன மாதம் மூன்று மீட்டர் இறங்கியும் தெரிந்த தட்டு
முழங்கை ஆழத்தில் காணாமல் போனது.
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
மிச்சக் கயிறு காலடியில்
வேலையில்லாமல் சுருண்டு கிடந்தது.

"இதுல என்ன பாப்பீங்க?"
"மண்ணு. அப்புறம் உரம்."
"என்ன உரம்?"
"வயல்ல போட்டது. மழையில கரைஞ்சு வர்றது."

புட்டியை வாங்கி
வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
போகலூர்ப் பக்கம் அவருக்கு ரெண்டு குறுக்கம் மிளகாய்.
சொசைட்டிக் கடனில் மூணு மூட்டை யூரியா.
செவ்வாய்க்கிழமை வீசியது,
புதன்கிழமை பிடித்தது மழை.

ரொம்ப நேரம் பார்த்தார்,
சாவி விழுந்த கிணற்றைப் பார்க்கிற மாதிரி.
பிறகு மூடியை இரண்டுதரம் திருகி
ஐஸ் பெட்டிக்குள் சாயாமல் வைத்தார்.

கீழே தாழை இருக்கிறது.
ஆவுளியா மேய்கிற இடம் என்று
போன கோடையில் அவர்தான் காட்டினார்.
வெளிச்சமில்லாமல் அது எத்தனை நாள் தாங்கும்,
என் படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
நண்டு வலை இங்கே விடலாமா என்று கேட்டார்.
தெரியாது என்றேன்.

ஆய்வகத்தில் வடிதாளை உலர்த்தி நிறுத்தேன்.
தாளின் எடை போக
பூச்சியம் புள்ளி பூச்சியம் ஆறு ஏழு கிராம்.
தேனி, சோழவந்தான், மானாமதுரை
எல்லாம் சேர்ந்து ஒரு சாந்துப்பொட்டு.
வில்லாயுதத்தின் பங்கு அதில் இல்லை.
கரைந்தது தாளில் நிற்காது,
அதற்குச் சோதனை வேறு.
திங்கட்கிழமைதான் ரசாயனம் வருகிறது.

ஞாயிறு ராத்திரி போன்.
"மேடம், நம்ம மூட்டை ஏதும்
கெடைச்சுச்சா?"

காற்றிரைச்சல்.
சிரித்தாரா என்று
சரியாகக் கேட்கவில்லை.