ஆட்டோ, மேஸ்திரி, மற்றும் மூன்று கிலோ மைதா

டேங்கர் ஆறு மணிக்கு என்றார்கள், எட்டரைக்கு வந்தது.
அதற்குள் பெர்னதெத் மூன்று கிலோ மைதாவைப் பிசைந்து
ஈரத்துணி போட்டு மூடிவிட்டிருந்தாள்.
துணிக்கு மேல் ஆட்டோ, சூடு தேடி.

ஆட்டோ எங்கள் பூனை.
ஹென்னூர் மேம்பாலத்தின் கீழே கிடைத்தபோதே
மூன்று கால்தான்.
லிங்கராஜபுரம் வரை கொண்டுவந்து விட்டவர்
"இதுவும் நம்ம வண்டிதான் சார்" என்று
மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.
பெங்களூரில் நான் கண்ணால் பார்த்த அற்புதம்
அது ஒன்றுதான்.

நாய்க்கு மேஸ்திரி என்று பெயர்.
பன்னிரண்டு வயது. எந்த வேலையும் செய்யாது,
எல்லா வேலைக்கும் பக்கத்தில் நிற்கும்.

முள்கரண்டியின் முதுகில் மாவை உருட்டினால் கல்கல்.
அவள் உருட்டினால் சங்கு,
நான் உருட்டினால் புழு.
இதைச் சொல்லி ஒவ்வொரு டிசம்பரும் சிரிப்பாள்.
இந்த வருஷம் சிரிக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

கோலார் தங்கவயலில் அவள் தங்கை ஜெசிந்தா
பண்டிகைக்குக் கூப்பிட்டிருந்தாள்.
இதுங்களை யார் பார்த்துக்குவா, என்றேன்.
"நீ வராம இருக்க
இதுங்க ஒரு சாக்கு" என்றாள்.
உண்மை.
அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

"மேஸ்திரி, எண்ணெய் காஞ்சிடுச்சான்னு
உங்கப்பாவைப் பார்க்கச் சொல்லு."
"காஞ்சிடுச்சுன்னு சொல்லுடா."
"அடுப்பைக் குறைக்கச் சொல்லு."
மேஸ்திரி
பேசுகிற முகத்துக்குத் திரும்பித் திரும்பி
வாலை எந்தப் பக்கம் ஆட்டுவதென்று தெரியாமல்
உட்கார்ந்துவிட்டது.
இரண்டாம் ஈடு கொஞ்சம் கருகிப்போனது.

மத்தியானம் பரணிலிருந்து குடில் பெட்டியை இறக்கினேன்.
போன வருஷத்து விளையாட்டுச் செய்திகளுக்குள்
மாதா, ஆடுகள், இரண்டே ராஜாக்கள்,
கழுத்தில் பசை வழிந்து காய்ந்த சூசையப்பர்.
வைக்கோலைப் பரப்பி முடிக்கவில்லை,
நடுவில் போய்ச் சுருண்டது ஆட்டோ.
குழந்தை இயேசுவை மட்டும் காணோம்.

பிஸ்கட் டப்பாவில் இல்லை, தையல் மெஷின் அறையில் இல்லை,
மருந்துப் பெட்டியில் எல்லாம் இருந்தது, அது இல்லை.
அவள் கட்டிலுக்கடியில் தேட, நான் பீரோவுக்குப் பின்னால்,
பேசாமல் ஒரு வீட்டைத் தேடுவது எவ்வளவு நேரமெடுக்கும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏய், இங்க வாயேன்."

என்னைத்தான்.
மேஸ்திரியின் சாக்குமெத்தையைப் புரட்டிவிட்டு
தரையில் உட்கார்ந்திருந்தாள்.
உள்ளங்கையில் குழந்தை.
வலது கை முழங்கையோடு போயிருந்தது,
போன இடம் கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று.
கடித்த வேலை இல்லை, நக்கிய வேலை.
எத்தனை மாசமாக என்று கேட்டால்
மேஸ்திரி ஜன்னலைப் பார்க்கிறது.

"ரஸ்ஸல் மார்க்கெட்ல புதுசு கிடைக்கும்" என்றேன்.
அவள் பூனையின் காலைப் பார்த்தாள்,
சூசையப்பர் கழுத்தைப் பார்த்தாள்,
பெல்ட் கட்டிய என் இடுப்பைப் பார்த்தாள்.
"வேணாம். இந்த வீட்டுக்குத் தோதாத்தான் இருக்கு."

சிரித்தது யார் முதலில் என்று
அதற்கும் பிறகு ஒரு சண்டை.

சாயங்காலம் போனை எடுத்தாள், என்னைக் கேட்கவில்லை.
"ஜெசி, நீங்க எல்லாரும் இங்க வந்துடுங்க.
ஆமா, மாமியாரையும் கூட்டிட்டு வா.
இடமா? அதெல்லாம் இருக்கு."
ஏழு பேர். எங்களிடம் இரண்டு பாய், ஒரு போர்வை,
அடுத்த டேங்கர் வெள்ளிக்கிழமைதான்.

"மேஸ்திரி, ஏழு பேரும் எங்க படுப்பாங்கன்னு
உங்கம்மாகிட்ட கேளு."
அது தூங்கிவிட்டது.

குழந்தையை இருபத்துநாலு ராத்திரிதான் வைக்க வேண்டும்.
அதுவரை வைக்கோல் ஆட்டோவுக்கு.
நான் மிச்ச மாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
"பாரு," என்றாள், "மறுபடி புழு."