ஒரு ரிங்

எடுக்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம்.
ஒரு ரிங் அடித்து வைத்தால்
'வாய் கேட்குது' என்று பொருள்.
திருப்பி ஒரு ரிங் வந்தால்
'எனக்கும்தான்.'
காசு போகாது.
ரீலோட் கடை வைத்திருக்கும் நஸ்மீர்தான்
இந்தக் காசு போகாத வழியைச் சொன்னான்.
அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறோம்.

நான் ஹட்டன் ஸ்டாண்டில் த்ரீவீல்.
ஜெபநேசன் பள்ளத்துப் பேக்கரியில்
இரவெல்லாம் பாண் போடுகிறவன்.
போறணை நெருப்பின் முன்னால் நின்று
நெருப்புக் கேட்காமல் இருக்க வேண்டியவன்.

விடியற்காலை நாலரைக்கு
வாயைத் திறந்தாலே புகை வருகிற ஊர் இது.
பால் வண்டிக்காரர், கோயிலுக்குப் போகிற ஐயர்,
டியூஷனுக்கு ஓடுகிற பிள்ளைகள்,
எல்லாரும் ஊதிக்கொண்டே போகிறார்கள்.
எனக்கு மட்டும் தடை.
நானும் ஊதிப் பார்த்தேன்,
வெறும் மூச்சை,
இரண்டு விரலை உதட்டில் வைத்து.
உடம்பு ஏமாறவில்லை.
விரல் கொஞ்சம் ஏமாந்தது.

நாலாம் நாள் சவாரிக்காரர் ஒருவரோடு
பத்து ரூபாய்க்குச் சண்டை.
ஆறாம் நாள் ஒரு போத்தல் தோடம்பழ இனிப்பு
மத்தியானத்துக்குள் காலி.
எட்டாம் நாள் யோகமலர் சொன்னாள்:
"நீங்க பத்தியே தொலைங்க.
வீட்டுல மனுசர் இருக்க முடியல."

அன்றைக்கு நான் அடித்தது பதினான்கு ரிங்.
பதினான்கும் திரும்பி வந்தது.
பதினைந்தாவதாக ஜெபநேசனே நேரில் வந்தான்,
முழங்கை வரைக்கும் மாவு.
"சிங்கமலைச் சுரங்கத்துக்குள்ள கோச்சி போறப்ப
யாராச்சும் இறங்குவானா?
கூ போடுவோம், கண்ண மூடுவோம்,
கம்பியப் புடிச்சுக்கிட்டு நிப்போம்.
இருட்டு நம்மள ஒண்ணும் கேக்கல.
கோச்சிதான் போகுது.
நீ சும்மா உள்ள இரு."

அதற்குப் பிறகு
ஸ்டாண்டில் தனியாக இருக்கும்போது
மெதுவாக ஒரு கூ போடுவேன்.
பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான்.
பார்க்கட்டும்.

பத்தொன்பதாம் நாள்
லீசிங் கம்பெனி ஆள் வந்து
வண்டியின் முன்கண்ணாடியைத் தட்டினான்.
மரியாதையாகத்தான் பேசினான்.
இரண்டு தவணை, வெள்ளிக்கிழமைக்குள்.
போனை மடியில் வைத்துக்கொண்டு
யாருக்கும் அடிக்காமல்
மெனிக்கே கடைக்கு நடந்தேன்.
அவள் எதுவும் கேட்கவில்லை.
பத்தொன்பது நாள் கழித்தும்
என் பிராண்டை மறக்காமல் எடுத்து நீட்டினாள்.
நூலில் தொங்குகிற லைட்டர்
முதல் தட்டிலேயே பற்றியது.

இரண்டு இழுப்பு.
இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.
மூன்றாவதில் கை நடுங்கியது,
கானுக்குள் போட்டேன்.
ஓடுகிற தண்ணீரில் அது
'சுஸ்' என்றதைக்கூட
நின்று கேட்டேன்.

இரவு ஒன்றேகாலுக்கு ஒரு ரிங்.
ஜெபநேசன்.
சவர்க்காரம் போட்டு மூன்று முறை கழுவியும்
விரலில் வாசம்.
இந்த விரலால் திருப்பி அடித்தால்
'எனக்கும்தான்' என்று பொருளா?
வேறு ஏதாவதா?

முழு ரிங்காக அடித்தேன்.
எடுத்தான்.
"ரெண்டு இழுப்பு இழுத்துட்டேன்டா."
அந்தப் பக்கம் விறகு வெடிக்கிற சத்தம்.
தட்டு இழுபடுகிற சத்தம்.
"மிச்சம்?"
"கானுக்குள்ள."
"சரி. வைக்காத. பேசிட்டே இரு.
எனக்கு இப்ப கண்ணெல்லாம் நெருப்பாத் தெரியுது."

என்ன பேசினோம் என்று கேட்டால்,
ஈஸ்ட் விலை.
கொட்டகலையில் மண் சரிந்த பாதை.
வண்டி போனால் நான் என்ன செய்வேன்
என்பதைத் தவிர
எல்லாம்.

"நாளைக்கு இருபதா, ஒண்ணா?"
"நஸ்மீரக் கேப்போம். அவன்தானே நம்ம கணக்குப்பிள்ள."

சொல்லி வாய் மூடவில்லை,
காதுக்குள் டிக் டிக்.
"இரு, நஸ்மீர் அடிக்கிறான்."
"ஒரு ரிங்கா?"
பார்த்தேன்.
"இல்ல. நிப்பாட்டாம அடிக்கிறான்."

"எடுடா," என்றான்.