அங்கே நள்ளிரவு

மாசசூசெட்ஸில் நள்ளிரவு என்றால்
கோடியாக் தீவில் இரவு எட்டு மணி.
கிறிசாந்தோ இதைக் கவனித்தது
கடைசி நாள் மதியம்.
தொழிற்சாலைக்குப் போன் செய்தான்.
நான் காட் மீனுக்கு முள்ளெடுக்கும் வரிசையில் நின்றிருந்தேன்.
மேஸ்திரி போனை என் காதோரம் பிடித்துக்கொண்டார்.
"ஆதே, நமக்கு நாலு மணி நேரம் குறைவு."
எங்கள் வீட்டில் அக்காவுக்கு ஆதே என்று பெயர்.
எப்போது அதிகம் இருந்தது
என்று கேட்க நினைத்தேன்.
அதற்குள் அடுத்த மீன் வந்துவிட்டது.

ஆறு மணிக்கு வீடு.
பனியா மழையா என்று தெரியாத ஜனவரி.
காற்றடித்தால் இணையம் போய்விடும்.
காற்றடிக்காத நாளை இந்தத் தீவு பார்த்ததில்லை.
இரவு ஷிப்டுக்குக் கிளம்பிய அம்மா
வெள்ளைத் தாளில் மூன்று கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாள்,
நன்றாக விழுந்ததை எடுத்துக்கொள் என்று.

மூன்றாம் கேள்வி:
நீ எதிர்கொண்ட ஒரு துயரம், ஐந்நூறு சொற்களில்.
போன வாரமே சொல்லியிருந்தேன்,
அப்பாவைக் கடலில் மூழ்கடித்துவிடு.
தீவு, பதிமூன்று வயது, திரும்பாத படகு,
படிப்பவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டும்.
"அப்பா ஆங்கரேஜில் டயர் கடை வைத்திருக்கிறார்."
"அது அவர்களுக்குத் தெரியாது."
"எனக்குத் தெரியுமே."

அவன் எழுதியிருந்தது பயணிகள் கப்பலைப் பற்றி.
இரண்டு வருடம், ஒரு நீல நோட்டு.
வர வேண்டிய நேரம், வந்த நேரம்.
ஊரே காற்றைத் திட்டும். காற்றில்லையாம்.
பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் மறுநாள்தான் தாமதம் அதிகம்.
முந்தின துறையில் நீர் வற்றி
இறங்குபாலம் எட்டாமல் கப்பல் காத்து நிற்கிறது.
கடைசி வரிகள்:
நாற்பத்தொரு முறை என் கணிப்பு சரி.
பத்தொன்பது முறை தவறு.
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

இதில் துயரம் எங்கேடா என்றேன்.
"பத்தொன்பது" என்றான்.

பெற்றோர் பக்கத்தை நான் நிரப்பினேன்.
விண்ணப்பதாரருக்கு நீங்கள் என்ன உறவு?
கீழே பட்டியல் விரிந்தது.
தாய், தந்தை, பாதுகாவலர், முகவர்.
முகவர்கூட இருக்கிறார்.
தாயைத் தொட்டேன்.
இருபத்திரண்டு வயதில் ஒரே அழுத்தில்
நாற்பத்தாறானேன்.
உங்கள் பிள்ளையை மூன்று சொற்களில் சொல்லுங்கள்.
கேட்பான். குறிப்பான். சாப்பிடமாட்டான்.
மூன்றாவதை அழித்தேன்.
வேறு கிடைக்கவில்லை, திரும்பப் போட்டேன்.

ஏழு நாற்பதுக்கு இணையம் போனது.
சொல்லிவிடுகிறேன்:
ஒரு மூச்சளவு நேரம் எனக்கு
நிம்மதியாக இருந்தது.

அவன் அதற்குள் மடிக்கணினியை ஜாக்கெட்டுக்குள் சொருகி
வாசலில் நின்றான், ஷூ மாறிப் போட்டு.
துறைமுகச் சலவைக்கடைக்கு ஓடினோம்.
யாரோ ஒரு மாலுமியின் உள்ளாடைகள்
கண்ணாடிக்குப் பின்னே சுழன்றுகொண்டிருந்தன.
திரையிலும் ஒரு வட்டம் சுழன்றது.
அது நின்றபோது
"விண்ணப்பம் பெறப்பட்டது" என்று
எவ்வித மகிழ்ச்சியும் இல்லாத எழுத்தில் வந்தது.

அவன் நீல நோட்டை எடுத்தான்.
எட்டு நிமிடம் முன்னதாக, என்று எழுதினான்.
பிறகு பசிக்கிறது என்றான், அதிசயமாக.
சோறு வேகும்வரை ஒன்றும் பேசவில்லை.
தட்டை வைத்ததும்,
"எனக்கு இடம் கிடைத்தால் கப்பலை யார் குறிப்பது?"
எனக்கு ஷிப்ட் இருக்கிறது என்றேன்.
சரி என்றான்.
முட்டையின் மஞ்சளை மட்டும் ஒதுக்கினான்.

மறுநாள் காலை
கத்தி தீட்டும் சத்தத்துக்கு நடுவே ஹார்ன் கேட்டது.
நினைப்பதற்கு முன்பே
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன்.
ஏழு இருபத்தொன்று.
பேனா இல்லை.
இரண்டு கையிலும் மீன்.