செட்டையில் வெட்டில்லை

கார்த்திகை இரண்டாம் கிழமை
வழுக்கையாற்றில் முழங்காலளவு தண்ணீர் என்று
கந்தரோடையிலிருந்து படம் அனுப்பினார்கள்.
மழை பெய்தால்தான் இது ஆறு.
மற்ற மாதங்களில் மாடு மேயும், பெடியள் பந்தடிப்பார்கள்,
வரைபடத்தில் மட்டும் நீலமாய் ஓடும்.

மூன்று பீப்பாய்கள்.
முத்தையன்கட்டிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு பனையேறிகள்.
பிடித்துத் தந்த செபமாலையர்
"இந்தச் சேத்து மீனுக்கோ கவுண்மேந்து லொறி?" என்று சிரித்தார்.
றெஜினோல்ட் ஆனையிறவில் லொறியை நிறுத்தினான்,
பழக்கத்தில்.
மறிக்க அங்கே எவருமில்லை.
மூடியைத் திறந்தேன்:
எல்லாம் மேலே வந்து
வாயால் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன.

கொடிகாமத்தில் மூன்று செத்தன.

ஒவ்வொன்றின் வால்செட்டையிலும் மேல்நுனியில்
சின்ன வெட்டு, அடையாளத்துக்கு.
என் கத்தரிக்கோல்தான்.
நானூற்றுப் பன்னிரண்டு தடவை
"கொஞ்சம் பொறு" என்று சொல்லியிருப்பேன்.

படிவத்தில் கேட்டிருந்தார்கள்:
இனம். எண்ணிக்கை. பூர்வீக இடம்.
அகன்ற ஆண்டு. அகன்ற காரணம்.
கலாநிதி மேகலாதேவி பேனையை மூடி வைத்தார்.
கடைசி மீனைப் பிடித்தவருக்கு
அது கடைசி என்று தெரிந்திராது.
புளி விட்டுக் காய்ச்சியிருப்பார்,
முள்ளுக் கூட என்று குறை சொல்லியிருப்பார்.
வெங்காயத்துக்கு அடித்த மருந்தோ,
வாய்க்காலுக்கு மேல் எழுந்த மதிலோ,
பொய்த்துப்போன இரண்டு மாரியோ,
ஷெல் விழுந்த ஒரு வைகாசியோ...
'தெரியாது' என்று எழுத இடம் விடப்படவில்லை.
'1990' என்று நான் நிரப்பினேன்.
எங்களுக்கு எழுதிப் பழகிய ஆண்டு அது.

பீப்பாயைச் சரிக்கையில்
மாட்டை அவிழ்க்க வந்த மனிசி கேட்டா:
"தின்னவோ விடுறியள்?"
"இல்லை அக்கா, இருக்கவிட."
"இருக்க இதுகளுக்கு இடம் கிடக்கே?"
மாடு அவவை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மூன்றாம் கிழமை வலை வைத்தோம்.
கெளிறு நாலு, ஒரு தண்ணிப்பாம்பு, ஷாம்பு பைக்கற்று.
செவுள் முள்ளை ஊன்றி நடக்கிற மீனுக்கு
தண்ணீரில் மட்டும் வலை வைத்திருந்தோம்.

அன்றிரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி.
சண்டிலிப்பாயில் டயர் ஒட்டுகிற சிவகடாட்சம்.
"தங்கச்சி, உங்கட மீன் ஒண்டு றோட்டைக் கடக்குது.
நாய் குலைக்குது, ஆனாக் கிட்டப் போகுதில்லை."
"வால்செட்டையில மேல்நுனியைப் பாருங்கோ, வெட்டு இருக்கோ?"
ரோர்ச் தேடுகிற சத்தம். மழை.
"இல்லை. முழுசாக் கிடக்கு."
"வடிவாப் பாருங்கோ அண்ணை."
"வடிவாத்தான் பாக்கிறன். கிழட்டு மீன்.
என்ர கையளவு. ஒரு பக்கம் காயம் ஆறின தழும்பு."
நான் எழும்பி இருந்தேன்.
"வாளிக்குள்ள பிடிச்சுப் போடுங்கோ, விடிய வாறன்."
"அது மதகுக்குள்ள இறங்கிட்டுதே" என்றார்.
பிறகு, பிழை விட்டவர்போல,
"இஞ்ச மாரிக்கு இப்பிடி இடைக்கிட வாறதுதான்.
நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

விடியப் போனேன்.
மதகடியில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது.
தெருவோரச் சேற்றில் நெளிந்த ஒரு கோடு.
ஆற்றிலிருந்து வந்ததா, ஆற்றுக்குப் போனதா,
மழை பாதியை அழித்திருந்தது.
படிவத்தின் பிரதியை மடியில் விரித்து
ஆண்டின் மேல் குறுக்கே கோடிட்டேன்.
அதற்குப் பதில் என்ன எழுதுவதென்று
பேனையைக் கடித்துக்கொண்டு நின்றபோது

ஒட்டின டியூப்பைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
குமிழி வருகிறதா என்று பார்த்தபடி
சிவகடாட்சம் கேட்டார்:
"அப்ப, நீங்கள் கொண்டந்து விட்டதுகள் எங்க?"